பத்தாண்டு லாபத்தை இன்றைய ரூபாயில் எழுதிப் பார்த்தால்

ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறதா, விலை ஏறிக் கிடக்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் எடுப்பது பிஇ விகிதம். பங்கின் விலையைப் பங்கு ஒன்றுக்கான ஓராண்டு லாபத்தால் வகுத்தால் அது வந்துவிடும். விலை நூறு ரூபாய், லாபம் ஐந்து ரூபாய் என்றால் பிஇ இருபது. இந்த வகுத்தலில் மேலே இருக்கும் விலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழே இருக்கும் லாபத்தை யாரும் நின்று கவனிப்பதில்லை. தணிக்கை முடிந்து அச்சில் வந்த எண் என்பதால் அது அசையாது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் எஃகு, சர்க்கரை, சிமென்ட், ரசாயனம் போன்ற தொழில்களில் விலையைவிட அதிகமாக ஆடுவது லாபம்தான். கீழே உள்ள எண் ஓராண்டுக்கு வீங்கினால் போதும், பங்கு மலிவாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

நான் சேலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைக்காரர், உருக்காலையில் ஓய்வு பெற்றவர், ஓமலூரில் பூர்வீக நிலத்தை விற்றவர் என்று பலரும் வருகிறார்கள். முன்பெல்லாம் நிலம் விற்ற பணம் இன்னொரு நிலத்துக்குப் போகும், இல்லாவிட்டால் வங்கி வைப்புக்குப் போகும். இப்போது அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. ஒரு தலைமுறை சேர்த்த சொத்து அது. அதை ஒரே ஓர் ஆண்டின் லாபத்தை நம்பிப் போடுகிறார்கள் என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊருக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சேலம் உருக்காலை, ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தைச் சேர்ந்தது. சந்தையில் அதன் பெயர் செயில். 2021-22 நிதியாண்டில் அது சுமார் 12,010 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டியது. நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிக லாபம் என்று செய்தி வந்தது. மொத்தப் பங்குகள் சுமார் 413 கோடி. ஆக, பங்குக்கு 29 ரூபாய். 2022 மார்ச் கடைசியில் பங்கு விலை நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. வகுத்தால் பிஇ ஏறத்தாழ மூன்றரை. மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு மத்திய அரசு 15 சதவீத வரி விதித்தது. விலை மேலும் இறங்கி, பிஇ மூன்றுக்கும் கீழே போனது.

உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தச் சமயத்தில் வரிக் கணக்குக்காக வந்தார். பணிக்கொடைப் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பங்கில் போடலாமா என்பது அவர் கேள்வி. "மூன்று வருட லாபத்திலேயே போட்ட முதல் திரும்பிவிடுகிறதே சார், இதைவிட மலிவாக எது கிடைக்கப்போகிறது?" என்றார். அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. 29 ரூபாய் லாபம் ஆண்டுதோறும் தொடரும் என்றால் அவர் சொன்னது அப்படியே சரி. தொடருமா என்பதை அந்த ஓராண்டு எண் சொல்லாது.

ஒரு பேரேட்டுத் தாளை எடுத்து அவர் முன் வைத்து, மூன்று பத்தியாகக் கோடு போட்டோம். முதல் பத்தியில் நிதியாண்டு. இரண்டாவதில் அந்த ஆண்டின் லாபம், கோடியில். மூன்றாவதில் அதே லாபம், ஆனால் 2021-22 ரூபாயின் மதிப்பில். ஆண்டறிக்கைகளிலிருந்து நான் வாசிக்க வாசிக்க அவர் எழுதினார். 2012-13இல் 2,170. அடுத்த ஆண்டு 2,620. அதற்கடுத்து 2,090. 2015-16 வந்தபோது 4,020 கோடி நட்டம். அவர் பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்தார். 2016-17இல் 2,830 கோடி நட்டம், 2017-18இல் 480 கோடி நட்டம். பிறகு 2,180, 2,020, 3,850. கடைசி வரியில் 12,010.

மூன்றாம் பத்திக்கு ஒரு விலைக் குறியீடு வேண்டும். வருமான வரித் துறை நிலம், வீடு விற்பனைக்கென ஆண்டுதோறும் வெளியிடும் செலவுப் பணவீக்கக் குறியீடு என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே எப்போதும் இருக்கும். 2001-02ஐ 100 என்று வைத்துத் தொடங்கும் வரிசை அது. 2012-13இல் 200, 2015-16இல் 254, 2021-22இல் 317. ஆகவே 2012-13இன் 2,170 கோடியை 317ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் சுமார் 3,440 கோடி. நட்டத்தையும் இப்படியே ஏற்ற வேண்டும். 2015-16இல் இழந்த 4,020 கோடி, 2021-22 ரூபாயில் 5,000 கோடி இழப்பாகிறது. அன்றைய ரூபாய்க்கு வாங்கும் சக்தி அதிகம், ஆகவே அன்றைய இழப்பும் பெரிது. நட்டத்தை அப்படியே விட்டுவிட்டு லாபத்தை மட்டும் ஏற்றிக் கணக்கிட்டுச் சராசரியைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. அதைக் கண்டால் அந்தத் தாளை மூடி வைத்துவிடுங்கள்.

பத்து வரிகளையும் கூட்டிப் பத்தால் வகுத்தபோது வந்த சராசரி ஏறத்தாழ 2,170 கோடி. பங்குக்கு ஐந்தேகால் ரூபாய். மார்ச் மாத விலையான நூறு ரூபாயை இதனால் வகுத்தால் பத்தொன்பது. ஓராண்டுக் கணக்கில் மூன்றரையாக இருந்த அதே பங்கு, அதே விலையில், பத்தாண்டுக் கணக்கில் பத்தொன்பது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் விரலால் மறைத்து, மீதி ஒன்பது வரிகளையும் மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் பெரும்பகுதி அவரே ஆலைக்குள் இருந்தவர்.

இந்த இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேலம் ஆலை துருப்பிடிக்காத எஃகு தயாரிப்பது. செயிலின் லாப நட்டத்தைத் தீர்மானிப்பவை பிலாய், பொகாரோ, ரூர்கேலா, துர்காபூர், பர்ன்பூர் ஆகிய பெரிய ஆலைகளும், உலகச் சந்தையில் எஃகு, நிலக்கரி விலைகளும். 2015-16இல் சீனாவிலிருந்து மலிவு எஃகு வந்து குவிந்தது. 2016 பிப்ரவரியில் இந்திய அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலையையே நிர்ணயிக்க வேண்டி வந்தது. 2021இல் கொரோனாவுக்குப் பின் உலகெங்கும் எஃகு விலை எகிறியது. நம் ஊர் ஆலையின் வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்பதை வைத்து இந்தப் பங்கை எடை போட முடியாது.

பல ஆண்டு லாபத்தின் சராசரியைப் பார் என்பது புதிய யோசனை அன்று. 1929 அமெரிக்கச் சந்தைச் சரிவுக்குப் பிறகு, 1934இல், பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் இதை எழுதினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், கூடுமானால் ஏழு அல்லது பத்து ஆண்டுகளின் லாபச் சராசரியை எடுக்கச் சொன்னார்கள். பணவீக்கத்தைச் சேர்த்து இதை முழுச் சந்தைக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் ஜான் கேம்பெலும் ராபர்ட் ஷில்லரும். 1988இல் வெளிவந்த அவர்கள் ஆய்வு அதன் தொடக்கம். இன்று கேப் விகிதம், ஷில்லர் பிஇ என்றெல்லாம் சொல்வது அதைத்தான். ஷில்லருக்கு 2013இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அதே பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் யூஜின் ஃபாமா. கிடைக்கும் தகவல் அனைத்தும் சந்தை விலையில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்று வாதிட்டவர். ஆக, அறிஞர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டு பிஇ எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2009 மார்ச்சைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. நிதி நெருக்கடியில் வங்கிகள் பெரும் நட்டம் காட்ட, அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மொத்த லாபம் சுருங்கிப்போனது. விலை பாதாளத்தில் கிடந்த அதே மாதங்களில், முந்தைய பன்னிரண்டு மாத லாபத்தை வைத்துப் போட்ட பிஇ நூறைத் தாண்டியது. எண்ணை மட்டும் பார்த்தவருக்குச் சந்தை வரலாறு காணாத உச்ச விலையில் இருப்பதாகத் தோன்றியிருக்கும். பத்தாண்டு லாபத்தை வைத்துப் பார்த்த கேப் விகிதமோ சுமார் 13. நீண்டகாலச் சராசரியான 17ஐவிடக் குறைவு. அங்கே முதலீடு செய்தவர் பின்னால் வருந்தவில்லை.

என் தாய்மாமாவுக்கு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் அராபிகா, மரத்தில் ஏறிய மிளகு. பங்குச் சந்தை பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. ஆனால் லாபம் எப்படி ஆடும் என்பதை அவரிடம் கேட்டால் ஓர் இரவு முழுக்கச் சொல்வார். அராபிகாச் செடி ஓராண்டு குலுங்கக் காய்த்தால் அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும். மார்ச், ஏப்ரலில் வர வேண்டிய பூ மழை தவறினால் விளைச்சல் பாதி. மழை சரியாகப் பெய்து பழம் நன்றாக வந்தாலும், விலை நியூயார்க்கில் தீர்மானமாகிறது. 2001 கடைசியில் அங்கே அராபிகா பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. விலை உச்சத்தில் இருந்த அந்தச் சமயம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தன் நிலத்துக்கு விலை சொன்னபோது, அந்த ஆண்டு பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உலர்த்திய காபிக்கொட்டை) விற்ற ரசீதுகளைக் காட்டி, இத்தனை வருட வருமானத்தில் முதல் கைக்கு வந்துவிடும் என்று பேசினாராம். மாமா என்னிடம் சொன்னது: "மாப்பிள்ளை, ஒரு வருட ரசீதைக் காட்டுகிறவனிடம் பத்து வருட ரசீதையும் கொண்டுவரச் சொல். கொண்டுவந்தால் உட்கார்ந்து பேசு. சாக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடு." தோட்டம் வாங்கும்போது மலைக்காரர் இயல்பாகக் கேட்கும் கேள்வியைப் பங்கு வாங்கும்போதும் கேட்கச் சொல்கிறது ஷில்லரின் கணக்கு.

பத்தாண்டுச் சராசரி சரி, பணவீக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்கில் பணவீக்கத்தைச் சேர்க்காமல் வெறும் சராசரி எடுத்தாலும் 1,960 கோடி வந்திருக்கும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். பெரிய லாபம் கடைசி ஆண்டிலேயே வந்ததாலும், நட்டமும் சேர்ந்து ஏறியதாலும் அப்படி அமைந்தது. இன்னும் பின்னால் போனால் கதை வேறு. 2007-08இல் செயிலின் லாபம் சுமார் 7,540 கோடி. அந்த ஆண்டின் குறியீடு 129. அதை 2021-22 ரூபாய்க்கு ஏற்றினால் 18,500 கோடியாகிறது. வரலாற்றிலேயே அதிகம் என்று பேசப்பட்ட 12,010 கோடி, வாங்கும் சக்தியில் பார்த்தால் பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த ஒரே வரிக்காகவே பணவீக்கக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எந்தக் குறியீட்டை எடுப்பது என்பதில் சற்று நிதானம் வேண்டும். நான் எடுத்த வரித்துறைக் குறியீடு, சட்டப்படி, நகர்ப்புற நுகர்வோர் விலை ஏற்றத்தில் 75 சதவீதத்தைக் கணக்கில் கொண்டு நிர்ணயிக்கப்படுவது. பட்டியல் கையடக்கமாக இருக்கிறது, ஆண்டுக்கு ஓர் எண், நம் மக்களுக்குப் பழக்கமானது. முதல் பார்வைக்கு அது போதும். கறாராகச் செய்ய விரும்புகிறவர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கே போக வேண்டும். தொழிலாளர்களுக்கான குறியீட்டெண்ணை உருக்காலைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அவர்கள் பஞ்சப்படி அதை வைத்துத்தான் ஏறும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அந்த எண் 338. செப்டம்பரில் 118.1. விலைவாசி ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடவில்லை. 2001ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையை முடித்து, 2016ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையைத் தொடங்கினார்கள். புதிய எண்ணை 2.88ஆல் பெருக்கினால் பழைய வரிசையோடு ஒட்டிக்கொள்ளும். 118.1ஐப் பெருக்கினால் 340 வருகிறது, சரியாகப் பொருந்துகிறது. இதைச் செய்யாமல் கணினியில் எண்களை இறக்கிக் கூட்டினால் வருகிற விடை எதற்கும் உதவாது.

இனி, இந்தக் கணக்கால் முடியாதவற்றைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன்.

நாளை விலை ஏறுமா, அடுத்த ஆண்டு இறங்குமா என்பதை இது சொல்லாது. 1996 டிசம்பர் தொடக்கத்தில் ஷில்லர் அமெரிக்க மத்திய வங்கியில் போய், சந்தை விலை எல்லை மீறிப் போகிறது என்று எடுத்துச் சொன்னார். கேப் அப்போது 28ஐ ஒட்டி இருந்தது. இரண்டு நாள் கழித்து அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பேன், பகுத்தறிவுக்கு ஒவ்வாத உற்சாகம் பற்றிப் பேசினார். எஸ் அண்ட் பி 500 அப்போது 740ஐச் சுற்றி இருந்தது. அதன் பிறகு சந்தை மூன்றே கால் ஆண்டுகள் ஏறி 2000 மார்ச்சில் 1,527ஐத் தொட்டது. கேப் 44 வரை போனது. எச்சரிக்கையைக் கேட்டு வெளியே நின்றவர்கள் அந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் பேச்சைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2002 அக்டோபரில் குறியீடு 776. ஆறு ஆண்டுகள் கழித்து ஏறத்தாழப் புறப்பட்ட இடம். பத்து, பதினைந்து ஆண்டுகளில் கிடைக்கக்கூடிய வருமானத்தின் சாயலை இந்த விகிதம் ஓரளவு காட்டுகிறது. ஓராண்டுக்கு அது எதையும் காட்டுவதில்லை. செயிலும் அப்படியே. 2022 ஜூனில் எழுபது ரூபாய்க்கும் கீழே போன பங்கு, 2024 மே மாதம் நூற்றைம்பதைத் தாண்டியது. அந்த இடைவெளியில் நிறுவனத்தின் ஆண்டு லாபமோ 1,900 கோடி, 2,730 கோடி என்று பழைய சராசரியின் பக்கத்திலேயே திரும்பி வந்து நின்றது. கணக்கு லாபத்தைச் சரியாகச் சொன்னது. விலையைச் சொல்லவில்லை.

வேகமாக வளரும் நிறுவனங்களை இந்த அளவுகோல் கடுமையாகத் தண்டிக்கும். பணவீக்கத்துக்கு மேலே ஆண்டுக்கு 10 சதவீதம் ஒரே சீராக வளர்ந்த நிறுவனத்தின் பத்தாண்டுச் சராசரி லாபம், இன்றைய லாபத்தில் சுமார் 68 சதவீதம்தான் வரும். ஓராண்டு பிஇ 20 என்றால் பத்தாண்டு பிஇ 30 ஆகத் தெரியும். ஆண்டுக்கு 3 சதவீதமே வளரும் நிறுவனத்துக்கு அது 23இல் நின்றுவிடும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்று மலிவு, மற்றொன்று கூடுதல் என்று தீர்ப்பு சொல்லக் கூடாது. இதே காரணத்தால் அமெரிக்காவின் 17ஐ எடுத்து இந்தியச் சந்தையை அளப்பதும் பொருந்தாது. ஒரு நிறுவனத்தை அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

கணக்கு விதிகளும் இடையிடையே மாறுகின்றன. ஜெரமி சீகல் என்ற பேராசிரியர் ஷில்லரின் விகிதத்தை விமர்சித்தபோது எடுத்துக்காட்டிய விஷயங்களில் இது முக்கியமானது. 2002இல் ஏஓஎல் டைம் வார்னர் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 9,900 கோடி டாலர் நட்டம் காட்டியது. பெரும்பகுதி, நிறுவனத்தை வாங்கும்போது நன்மதிப்பு என்று எழுதி வைத்திருந்த தொகையைத் தள்ளுபடி செய்ததால் வந்த காகித நட்டம். அந்த நட்டம் குறியீட்டின் மொத்த லாபத்தை இழுத்துப் போட்டு, அடுத்த பத்தாண்டுகளுக்குக் கேப் விகிதத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தது. நம் ஊரிலும் இதற்கு ஈடான சங்கதிகள் இருக்கின்றன. இந்தியாவின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டியின் பிஇ 2021 மார்ச் வரை தனி நிறுவனக் கணக்கை வைத்துப் போடப்பட்டது. அதன் பிறகு துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றினார்கள். நாற்பதை ஒட்டி இருந்த விகிதம் ஒரே இரவில் 33க்கு வந்தது. எந்தப் பங்கின் விலையும் அதற்காகக் குறையவில்லை. நிஃப்டி பிஇயின் இருபதாண்டு வரைபடத்தை யாராவது காட்டினால், அந்த இடத்தில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2019 செப்டம்பரில் நிறுவன வரி குறைக்கப்பட்டதும் இதே போலத்தான். சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு வரி 22 சதவீதம், கூடுதல் வரிகள் சேர்த்து 25 சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்கு முந்தைய ஆண்டுகளின் லாபம் பழைய, கூடுதல் வரியைக் கட்டிய பிறகு மிஞ்சியது. பழைய லாபச் சராசரி அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும்.

பங்குகளின் எண்ணிக்கையை மறக்கவே கூடாது. செயிலில் அரசு தன் பங்கில் ஒரு பகுதியை விற்றபோதும் மொத்த எண்ணிக்கை அந்த 413 கோடியிலேயே நின்றதால், மொத்த லாபத்தைச் சராசரி எடுத்துக் கடைசியில் வகுத்துக்கொள்ள முடிந்தது. நட்ட காலத்தில் புதிய பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டிய நிறுவனமாக இருந்தால் அது செல்லாது. ஒவ்வோர் ஆண்டின் லாபத்தையும் அந்த ஆண்டின் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, போனஸ் பங்கு (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), முகமதிப்புப் பிரிப்பு (ஒரு பங்கைப் பல பங்குகளாக உடைப்பது) ஆகியவற்றுக்குச் சரிசெய்து, அதன் பிறகு பணவீக்கத்தை ஏற்ற வேண்டும். வேலை கூடுதல்தான். வாழ்நாள் சேமிப்பைப் போடும்போது ஒரு மாலைப்பொழுதை இதற்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, பத்து என்ற எண். அமெரிக்காவின் ஐந்நூறு நிறுவனங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பத்தாண்டுக்குள் ஒரு முழுச் சுழற்சி அடங்கிவிடலாம். எஃகுக்கு அது போதவில்லை. செயிலின் லாபம் 2007-08இல் ஓர் உச்சம், 2021-22இல் அடுத்த உச்சம். 2007-08இலிருந்து பதினைந்து ஆண்டுகளை எடுத்து 2021-22 ரூபாய்க்கு ஏற்றினால் சராசரி 5,600 கோடிக்கு மேல் போகிறது. நூறு ரூபாய் விலையில் பிஇ ஏழேகால். பத்தாண்டுக் கணக்கில் பத்தொன்பது, பதினைந்தாண்டுக் கணக்கில் ஏழேகால், ஓராண்டுக் கணக்கில் மூன்றரை. எதை நம்புவது? நான் சராசரியை விட்டுவிட்டு மூன்றாம் பத்தியை மேலிருந்து வாசிக்கிறேன். 18,500 கோடி, பிறகு 14,000த்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள், 9,300, 6,100, 3,400 என்று 2021-22 ரூபாயில் லாபம் ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே வந்திருக்கிறது. அன்றைய ரூபாயில் எழுதியபோது இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாகத் தெரியாது. அந்தப் பழைய ஆண்டுகள் திரும்பி வரும் என்று நம்புகிறவர் ஏழேகாலை எடுத்துக்கொள்ளட்டும். சீனா இவ்வளவு எஃகு உருக்கும் உலகில் அவை திரும்புவது கடினம் என்று நினைக்கும் நான் பத்தொன்பதின் பக்கம் நிற்கிறேன். மூன்றரையின் பக்கம் நிற்க எந்த ஆதாரமும் அந்தத் தாளில் எனக்குத் தெரியவில்லை.

பத்தாண்டுக் கணக்கைத் தொடர்ந்து போட்டு வருகிறவர்கள் அடுத்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024-25 வரையிலான பத்தாண்டுகளை எடுத்து அந்த ஆண்டின் ரூபாய்க்கு ஏற்றினால் செயிலின் சராசரி லாபம் சுமார் 2,050 கோடி. அதில் 2015-16, 2016-17 இரண்டின் நட்டம் மட்டும் சேர்ந்து 9,600 கோடிக்கு மேல். அடுத்த இரண்டு ஆண்டறிக்கைகள் வரும்போது அந்த இரண்டு சிவப்பு வரிகளும் தாளின் மேல் விளிம்பில் வெளியே போய்விடும். அவற்றின் இடத்தில் லாபமே இல்லாத இரண்டு ஆண்டுகள் வந்தால்கூடச் சராசரி 3,000 கோடியாகிவிடும். ஒரு டன் எஃகுகூடக் கூடுதலாக உருக்காமல், பத்தாண்டு பிஇ மூன்றில் ஒரு பங்கு குறைந்து காட்டும். அந்தச் சமயத்தில் பங்கு மலிவாகிவிட்டது என்று யாராவது பத்தாண்டுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் அதே கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.